ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு அரிசி மில்: ப்ரொக்ஸ்மொக்ஸ் ஒரு வருசம் பாவிச்சுப் பாத்தாச்சு

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் டேட்டா சென்டர் ஆள் இல்லை. கிளிநொச்சியில ஏ9 ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க ஒரு சின்னக் கொம்பியூட்டர் கடை, போட்டோக்கொப்பி, ரைப்செற்றிங், பழுது பாக்கிறது, அதோட நாலைஞ்சு பேற்ற கணக்கு சொப்ட்வெயாரைப் பாத்துக்கொள்ளுறது, அவ்வளவுதான். ஆனா இந்த ஒரு வருசமா ப்ரொக்ஸ்மொக்ஸை, அதாவது ஒரு கொம்பியூட்டருக்குள்ள கன கொம்பியூட்டரை ஓடவிடுற சொப்ட்வெயாரை, ராப்பகலா ஓடவிட்டிருக்கிறன், இதைப்பற்றித் தமிழில ஒருத்தரும் வடிவா எழுதினதா என்ர கண்ணில படேல்லை, அதால நானே எழுதுறன், நீளமாத்தான் இருக்கும், தேத்தண்ணியோட இருங்கோ.

ஏன் இது தேவைப்பட்டுது எண்டா, என்ர ஆக்கள் நாலு பேர். ரெண்டு அரிசி மில், ஒரு பாமசி, ஒரு ரியூசன் சென்டர். முந்தி ஒவ்வொருத்தருக்கும் அவையவேன்ர இடத்தில ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. 2022ல கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்குத்தானே, ஒரு கட்டத்தில ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம், அந்த நேரத்தில திடீர் திடீரெண்டு நிண்டு நிண்டே ரெண்டு பேற்ற ஹார்ட் டிஸ்க் போட்டுது. பேந்து எல்லாரும் என்னட்டத்தான் வந்தவை, "தம்பி உன்ர கடையில யூபிஎஸ்சும் சோலரும் இருக்குத்தானே, உங்கயே வைச்சிரன், நாங்கள் இங்க இருந்து பாக்கிறம்" எண்டு. நாலு பெட்டி வைக்க எனக்கு இடமும் இல்லை, நாலு பெட்டிக்குக் கரண்டும் இல்லை. அப்ப ஒரு பெட்டி, அதுக்குள்ள நாலு விஎம், அதாவது சொப்ட்வெயாராலயே செய்த நாலு கொம்பியூட்டர்.

பெட்டி வவுனியாவில ஒரு கடையில எடுத்தது, டெல் ஒப்டிபிளெக்ஸ் 7050, ஐ7 7700, பாவிச்ச சாமான். பஸ்ஸில மடியில வைச்சுத்தான் கொண்டந்தனான், முறிகண்டியில எல்லாரும் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்க, நான் மட்டும் இறங்காமல் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தன். அதுக்குப் பிறகு ராமை 32 ஜிபி ஆக்கி ரெண்டு எஸ்எஸ்டி போட்டன்.

ப்ரொக்ஸ்மொக்ஸ் எண்டுறது ஒஸ்ரியாவில வியன்னாவில இருக்கிற ஒரு கொம்பனியின்ர சாமான், 2008ல முதல் வெர்சன் வந்தது. உள்ளுக்க பாத்தா டெபியன் லினக்ஸ், அதில விஎம் ஓடவிடுற கேவிஎம், அதுக்கு மேல விஎம்முக்கு டிஸ்க், கார்ட் மாதிரிச் சாமான் இருக்கிறதா நடிச்சுக் காட்டுற கியூஎமு, எல்லாத்துக்கும் மேல பிறவுசரில பாக்கிற ஒரு முகம். கேவிஎம் 2007ல இருந்தே லினக்ஸ் கேர்னலோட சேர்ந்து வருது, புதுசா ஆரும் நேற்றுச் செய்த விளையாட்டு இல்லை. காசு கட்டாமலும் பாவிக்கலாம், லொகின் பண்ணேக்க சப்ஸ்கிரிப்சன் இல்லை எண்டு ஒரு பெட்டி மேல வந்து நிக்கும், அதை மூடிப்போட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதான். இன்ஸ்டோல் பண்ணுறது கால் மணித்தியாலச் சோலி, அதைப்பற்றி எழுத ஒண்டுமில்லை.

விசயம் அங்க இல்லை. விசயம் எங்க தொடங்கினது எண்டா, ஒரு நாள் பெரிய மில் ஐயா கடைக்கு வந்தார். காலபோக அறுவடை நேரம், ரெண்டு மில்லும் மூட்டைக்கு என்ன விலை போடுறது எண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்கிற நேரம். வந்து கதிரையில இருந்து விசிறியைத் தன்ர பக்கம் திருப்பிப்போட்டுக் கேட்டார், "தம்பி, அவன்ர கணக்கும் என்ர கணக்கும் ஒரே பெட்டிக்குள்ளயோ?"

ஓம் எண்டன்.

"அப்ப அவன் என்ர பக்கம் எட்டிப் பாக்கேலாதோ?"

உண்மையைச் சொன்னா எனக்கு அண்டைக்குச் சரியான மறுமொழி தெரியாது. "ஏலாது ஐயா" எண்டு சொல்லிப்போட்டன், ஆனா ஏன் ஏலாது எண்டு எனக்கே விளங்கேல்லை. அண்டைக்கு இரவு இருந்து வாசிக்கத் தொடங்கினதுதான், இந்த ரிவியூவில பாதி அந்த வாசிப்பு.

விசயம் இப்பிடி. ஒவ்வொரு விஎம்மும் தன்னட்ட ஒரு முழு மெசின் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கு. அதின்ர மெமரி முகவரி சைபரில இருந்து தொடங்கும். நம்பாட்டிப் பாருங்கோ, ரெண்டு லினக்ஸ் விஎம்மைப் பக்கத்தில பக்கத்தில திறந்து ப்ரொக்குக்குள்ள இருக்கிற ஐஓமெம் எண்ட பைலை ரூட்டா நிண்டு வாசிச்சா, ரெண்டிலயும் ஒரே மாதிரி அதே முகவரியில இருந்து சிஸ்டம் ராம் தொடங்குது. நான் பாத்திட்டுச் சிரிச்சன், ஒரே காணிக்கு ரெண்டு பேரிட்ட உறுதி இருக்கிற மாதிரி. ஆனா சண்டை வராது, ஏனெண்டா அந்த முகவரி உண்மையான முகவரி இல்லை. அதுக்குக் கீழ இன்னொரு பேஜ் டேபிள், அதாவது முகவரி மாத்துற அட்டவணை, இருக்கு, விஎம் சொல்லுற முகவரியை உண்மையான ராமில எந்த இடம் எண்டு அதுதான் மாத்திக் குடுக்குது, சிபியூவே அந்த வேலையைச் செய்யுது. இன்டெல்லில இதுக்கு ஈபிடி எண்டு பேர், 2008ல நெஹேலம் சிபியூவோட வந்தது, ஏஎம்டி அதுக்கு ஒரு வருசம் முந்தியே கொண்டுவந்திட்டுது. அதுக்கு முதல் இதையெல்லாம் விஎம்மை ஓடவிடுற ஹைப்பர்வைசர் சொப்ட்வெயாராலயே கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தது, சரியான ஸ்லோ.

எங்கட ஊரில வேலிச்சண்டை எப்பிடி வரும்? மாரி முடிஞ்சு கதியால் போடேக்க ஒரு சாண் அங்கால தள்ளி நடுவினம், வருசா வருசம். இங்க அந்த வேலை நடக்காது, ஏனெண்டா கதியால் நடுற உரிமை காணிக்காரனிட்டயே இல்லை. அந்த ரெண்டாவது பேஜ் டேபிள் விஎம்முக்குள்ள இல்லை, ஹோஸ்டிட்ட, அதாவது உண்மையான பெட்டியில ஓடுற ப்ரொக்ஸ்மொக்ஸிட்ட, இருக்கு. விஎம்முக்குள்ள நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டரா இருக்கலாம், கேர்னலையே மாத்தி எழுதலாம், வைரசே வந்து குடியிருக்கலாம், பக்கத்து விஎம்மின்ர முகவரியை எழுதிக் காட்ட உங்களிட்ட வழியே இல்லை. அந்த முகவரி உங்கட உலகத்தில இல்லாத முகவரி.

இதுக்குக் குடுக்கிற விலையும் இருக்கு. சாதாரண மெசினில ஒரு முகவரியைத் தேட நாலு தரம் மெமரிக்குப் போய் வந்தாக் காணும், விஎம்முக்குள்ள ஆக மோசமான நேரத்தில 24 தரம் போகோணும். ஆனா சிபியூ தேடினதை ஞாபகம் வைச்சிருக்கும், அதோட 4 கேபிப் பேஜுக்குப் பதிலா 2 எம்பிப் பெரிய பேஜ் குடுத்தா தேடுற தரம் குறையும், அதால மில்காரர் லெட்ஜர் திறக்கேக்க ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. இந்தப் பக்கத்துக்கு நான் முழுப் புள்ளியும் குடுப்பன்.

அடுத்தது நான் பட்ட அவமானம். பிழை முழுக்க என்ர.

32 ஜிபி இருக்கெண்டு நான் மில்லுக்கு எட்டு, மற்ற மில்லுக்கு எட்டு, பாமசிக்கு ஆறு, ரியூசனுக்கு ஆறு, நெட்வேர்க்குக் காவலா நான் போட்ட பயர்வோல் விஎம்முக்கு நாலு எண்டு கூட்டிப் பாத்து 32 சரி எண்டு பிரிச்சுக் குடுத்திட்டன். ஹோஸ்டுக்கு? ஒண்டுமில்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுவில தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு பாத்துத்தானே இத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுப்பினம், நான் குளத்தைப் பாக்காமல் எல்லா ஏக்கருக்கும் விதைச்சிட்டன். முதல் ரெண்டு மாசம் ஒண்டும் தெரியேல்லை, ஏனெண்டா விஎம் தொடாத மெமரியை ஹோஸ்ட் குடுக்கிறேல்லை, கேக்கக் கேக்கத்தான் குடுக்கும். ஆனா விண்டோஸ் நாள்பட நாள்பட எல்லாத்தையும் தொட்டுப்போடும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மில்லில லொறி வரிசையா நிக்குது, திடீரெண்டு அந்த விஎம் இல்லை. ஹேங்கும் இல்லை, எரரும் இல்லை, ஆளையே காணேல்லை. லொக்கைப் பாத்தா ஊம் கில்லர் வந்து அடிச்சிருக்கு. ஹோஸ்டுக்கு விஎம் எண்டுறது சும்மா ஒரு புரோசஸ்தான், மெமரி முடிஞ்சா ஆகப் பெருத்த புரோசஸைப் பாத்துப் போட்டுத்தள்ளும், ஆகப் பெருத்தது மில். ஐயாவிட்ட ஏச்சு வாங்கினது வேற கதை.

இப்ப மில்லுகளுக்கு ஆறாறு, பாமசிக்கும் ரியூசனுக்கும் நாலுநாலு, பயர்வோலுக்கு ரெண்டு, மொத்தம் 22, மிச்சத்தில கை வைக்கிறேல்லை. பலூனிங் எண்டு ஒண்டு இருக்கு, விஎம்முக்குள்ள ஒரு டிரைவர் பலூன் மாதிரி ஊதி மெமரியைப் பிடிச்சு ஹோஸ்டிட்டத் திருப்பிக் குடுக்கும், ஹோஸ்டில 80 வீதம் தாண்டினாத் தன்பாட்டில வேலை செய்யும். ரியூசன் விஎம்முக்கு விட்டிருக்கிறன், மில்லுகளுக்கு விடேல்லை. விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவர் போடாட்டி அது வேலையும் செய்யாது, கனபேர் அதைப் போடாமல் பலூன் வேலை செய்யேல்லை எண்டு திட்டுவினம்.

இந்தக் குழப்பத்துக்குள்ளதான் கேஎஸ்எம் எண்ட சாமானைக் கண்டுபிடிச்சன், இது ப்ரொக்ஸ்மொக்ஸில முதலே ஓன் ஆகித்தான் வருது. மூண்டு விண்டோஸ் ஓடினா மூண்டுக்குள்ளயும் ஒரே மாதிரி மெமரிப் பேஜ் எக்கச்சக்கமா இருக்கும். கேஎஸ்எம் அதுகளைத் தேடிப் பிடிச்சு ஒரு கொப்பியை மட்டும் வைச்சிட்டு எல்லாருக்கும் அதையே காட்டும். என்ர பெட்டியில ஒருக்கா பாக்கேக்க ஏழரை இலட்சம் பேஜ் இப்பிடிப் பங்கில இருந்தது, ஒண்டு 4 கேபி எண்டாக் கிட்டத்தட்ட 3 ஜிபி சும்மா கிடைக்குது. சரியான சந்தோசம் எனக்கு.

சந்தோசம் ரெண்டு நாள்தான். வாசிச்சுக்கொண்டு போகத்தான் விளங்கினது, இது ரெண்டு மில்லுக்கும் நடுவில இருக்கிற வேலியில நானே வெட்டி வைச்ச பொட்டு, ஓட்டை. பங்கில இருக்கிற பேஜில ஒரு விஎம் எழுத வெளிக்கிட்டா ஹோஸ்ட் அதுக்கெண்டு தனிக் கொப்பி எடுத்துக் குடுக்கோணும், அதுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அளந்தா, "நான் வைச்சிருக்கிற இதே பேஜ் பக்கத்து விஎம்மிலயும் இருக்கு" எண்டு கண்டுபிடிக்கலாம். உள்ளுக்க என்ன இருக்கெண்டு நேர வாசிக்கேலாது, ஆனா இருக்கா இல்லையா எண்டு கேக்கேலும். பக்கத்து வீட்டில என்ன சமைக்கினம் எண்டு வேலியால பாக்கேலாது, மணந்து பிடிக்கலாம், அந்த மாதிரி. விஎம் சொப்ட்வெயார் விக்கிற விஎம்வேர்க்காரர் இதே மாதிரி தங்கட வசதியை 2014லயே விஎம்முகளுக்கு நடுவில வேலை செய்யாமல் முதலே ஓப் பண்ணிப்போட்டினம். 2016ல பிளிப் பெங் ஷுய் எண்டு ஒரு ஆராய்ச்சி, இந்த மெமரிப் பங்கையும் ராமில பிட் புரளுற ரோஹேமர் குறையையும் சேர்த்துப் பக்கத்து விஎம்மின்ர மெமரியில ஒரு பிட்டையே மாத்திக் காட்டினவை. அதுக்குப் பிறகு எனக்கு அந்த 3 ஜிபி வேண்டாம். கேஎஸ்எம்டியூன்ட் எண்ட சேர்விசை நிப்பாட்டினாக் காணாது, ஏற்கெனவே சேர்ந்த பேஜுகள் சேர்ந்தபடிதான் இருக்கும், கேஎஸ்எம் ரன் எண்ட பைலுக்குள்ள 2 எண்டு எழுதினாத்தான் எல்லாம் பிரியும். பிரியிறதுக்கு முதல் ஹோஸ்டில இடம் இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி திரும்ப ஊம் கில்லர்தான்.

என்ர ஒரு குறை இங்கதான். ஒரே கொம்பனியின்ர நாலு விஎம் ஓடவிடுற ஆளுக்குக் கேஎஸ்எம் வரப்பிரசாதம், என்னை மாதிரி வேற வேற ஆக்களை ஒரே பெட்டியில வைச்சிருக்கிறவனுக்கு அது வில்லங்கம், இன்ஸ்டோல் பண்ணேக்கயே ஒருக்காக் கேட்டிருக்கலாம்.

சிபியூ பக்கம் இன்னொரு வில்லங்கம், இதுக்கு ப்ரொக்ஸ்மொக்ஸில பிழை சொல்லேலாது. 2018 தையில மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எண்டு ரெண்டு சிபியூக் குறை வெளியில வந்தது, அதே வருசம் ஆவணியில எல்1டிஎப். இந்தக் கடைசி ஆள்தான் விஎம் வைச்சிருக்கிறவைக்கு உண்மையான தலையிடி, ஏனெண்டா நான் மேல புகழ்ந்த அந்த ஈபிடி வேலியையே இது கண்டுகொள்ளாமல் சிபியூவுக்குள்ள இருக்கிற எல்1 கேஷ் எண்ட குட்டி மெமரிக்குள்ள என்ன கிடக்குதோ அதை ஊகத்தில எடுத்துப் பாத்துப்போடும். என்ர ஐ7 7700 இந்த வியாதி உள்ள தலைமுறை. ஹோஸ்டில எல்எஸ்சிபியூ எண்டு அடிச்சா கீழ ஒரு பட்டியல் வரும், அதில எல்1டிஎப் வரியில மிட்டிகேஷன், அதாவது தடுப்பு இருக்கு, எண்டு நல்லாச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில ரெண்டு சொல், "எஸ்எம்டி வல்னரபிள்". நான் முதல் மாசம் மிட்டிகேஷனை மட்டும் பாத்திட்டு நிம்மதியாப் போய்ப் படுத்தனான். அந்தக் கடைசி ரெண்டு சொல்லுக்கு அர்த்தம், எஸ்எம்டியால, அதாவது ஹைப்பர்திரெடிங்கால, ஆபத்து இன்னும் இருக்கு, ஒரே கோரில ரெண்டு திரெட் ஓடேக்க ஒண்டு மில், மற்றது மற்ற மில் எண்டா ரெண்டும் ஒரே எல்1 கேஷைத்தான் பாவிக்குது எண்டுறது. பயோசுக்குப் போய் ஹைப்பர்திரெடிங்கை ஓப் பண்ணிப்போட்டன், எட்டு திரெட் நாலாச்சு. கணக்கு வேலைக்கு ஒண்டும் தெரியேல்லை, ரியூசன் சென்டர்ப் பெடியன் மட்டும் வீடியோ மாத்த நேரம் எடுக்குது எண்டு முணுமுணுத்தான். சிபியூக் குறைகளைத் திருத்துற மைக்ரோகோட் பக்கேஜ் போட மறக்காதையுங்கோ, விஎம்மின்ர சிபியூ ரைப்பையும் ஹோஸ்ட் எண்டு வையுங்கோ, அப்பத்தான் உள்ளுக்க இருக்கிற விண்டோஸுக்கும் தன்னைக் காப்பாத்திக்கொள்ள என்ன வசதி இருக்கெண்டு தெரியவரும்.

பிளொப்பி டிஸ்க் ஞாபகம் இருக்கோ? 2015ல வெனம் எண்டு ஒரு ஓட்டை கண்டுபிடிச்சினம், கியூஎமுவின்ர பிளொப்பி கொன்ட்ரோலர் கோட்டில, 2004ல இருந்து அதுக்குள்ளயே கிடந்திருக்கு. விஎம்முக்குள்ள இருந்து அதால ஹோஸ்டுக்கே தப்பி வரலாம். ஒருத்தரும் பாவிக்காத சாமான், ஆனா கதவு மட்டும் திறந்து கிடந்தது. அதால நான் விஎம்முகளில சவுண்ட் கார்ட், சும்மா கிடக்கிற சீரியல் போர்ட், தேவையில்லாத சீடி டிரைவ் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டன்.

பயர்வோல் விஎம்முக்கு ஒரு நெட்வேர்க் கார்ட்டை நேராக் குடுத்திருக்கிறன். இப்பிடிக் குடுக்கேக்க பயோசில விடிடி, அதாவது இன்டெல்லின்ர ஐஓஎம்எம்யூ, ஓனா இருக்கோணும், ஏனெண்டா நெட்வேர்க் கார்ட் சிபியூவைக் கேக்காமல் தானே மெமரியில எழுதும், ஐஓஎம்எம்யூ எண்டுறது அந்தக் கார்ட்டுக்கும் ஒரு வேலி. அது இல்லாட்டி மற்ற வேலி எல்லாம் கட்டி வேலையில்லை. கார்ட் குடுத்த விஎம்மின்ர மெமரி முழுக்க ஸ்ராட் ஆகேக்கயே ஹோஸ்டில பூட்டுப்பட்டிடும், பலூன் அங்க வேலை செய்யாது, நாலை ரெண்டாக் குறைச்சதுக்கு அதுதான் காரணம்.

சரி, இப்ப மில் ஐயாவுக்கு வருவம். இவ்வளவும் செய்து முடிச்சிட்டு அவரைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தி மற்ற விஎம்மில இருந்து அவற்ற பக்கம் ஒண்டும் தெரியேல்லை எண்டு காட்டினன். தலையாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியால துடைச்சுக்கொண்டு கேட்டார், "அப்ப தம்பி, நீ பாக்கேலுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை, காட்டினன். அவற்ற விஎம்மில நோட்பாட்டைத் திறந்து ஏதாவது இங்கிலிஸில ரைப் பண்ணுங்கோ, சேவ் பண்ணாதையுங்கோ எண்டன். ஒரு விரலால தேடித் தேடி மருமகளின்ர பேரை அடிச்சார். நான் ஹோஸ்டில விஎம் மொனிற்றருக்குப் போய் டம்ப் கெஸ்ட் மெமரி எண்ட கமாண்டைக் குடுத்தன், விண்டோஸ் கொஞ்ச நேரம் உறைஞ்சு நிண்டுது, ஆறு ஜிபிக்கு ஒரு பைல் விழுந்தது. அதில ஸ்ட்ரிங்ஸ் கமாண்டை 16 பிட் எழுத்துக்கு மாத்தி ஓடவிட்டுத் தேடினா, மருமகளின்ர பேர் மூண்டு இடத்தில. டிஸ்க்கில ஒருக்காலும் எழுதாத பேர். ஐயா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

விண்டோஸின்ர டிஸ்க்கைப் பூட்டுற பிட்லொக்கர் போட்டாலும் இதுக்கு உதவாது, ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸின்ர திறப்பே அந்த மெமரிக்குள்ளதான் கிடக்கு. ராமோட சேர்த்து ஸ்னாப்ஷொட், அதாவது விஎம்மின்ர அந்த நேரத்து நிலையைக் கொப்பி, எடுத்தாலும் இதே கதை, பாஸ்வேர்ட் எல்லாம் டிஸ்க்கில போய்க் குந்தும், நான் அந்த ராம் எண்ட இடத்தில இருக்கிற சரி அடையாளத்தை எப்பவும் எடுத்துவிட்டுத்தான் ஸ்னாப்ஷொட் எடுக்கிறது. ஹோஸ்டிட்ட இருந்தே விஎம்மின்ர மெமரியை மறைக்கிற வழி ஏஎம்டியின்ர எபிக் எண்ட சிபியூவில இருக்கு, எஸ்இவி எண்டு, 2017ல இருந்து வருது, விஎம்முக்கு ஒரு திறப்பு வைச்சு மெமரியை என்கிரிப்ட் பண்ணும், 2021ல வந்த எஸ்என்பியோட ஹோஸ்ட் அந்தப் பேஜுகளை மாத்தி வைச்சு ஏமாத்துறதையும் பிடிக்கும். அது சேர்வர் சாமான், என்ர ஒப்டிபிளெக்ஸுக்குக் கனவு.

மற்றதுகளோட ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னா, வேர்ச்சுவல்பொக்ஸ் படிக்கிற பெடியளுக்கு நல்லது, 24 மணித்தியாலமும் ஓடவிட நான் துணியன். ப்ரொக்ஸ்மொக்ஸ் மாதிரியே விஎம் ஓடவிடுற விஎம்வேரின்ர இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை 2024 மாசியில நிப்பாட்டிப் பிறகு 2025 சித்திரையில திருப்பி விட்டினம், அப்பிடிப் போய்ப் போய் வாறதை நம்பி நாலு பேற்ற பிழைப்பை வைக்கேலாது. ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு 5க்கு 4. அந்த ஒண்டு குறையிறது கேஎஸ்எம்முக்கு.

ஐயா அடுத்த கிழமையே தனக்கெண்டு தனிப் பெட்டி வாங்கி மில் ஒபிசில வைச்சிட்டார், நான்தான் போய்ப் பூட்டிக் குடுத்தனான். ரெண்டு மாசம் போகேல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், திறந்து பாத்தா விசிறியே தெரியேல்லை, உமித்தூள் சிபியூவுக்கு மேல மெத்தை மாதிரிப் படிஞ்சு கிடக்கு, போர்ட் போட்டுது. இப்ப அவர் திரும்ப என்ர பெட்டிக்குள்ள, விஎம் 104. மில்லின்ர பேரைப் போட வெளிக்கிட, "பேர் வேண்டாம் தம்பி, நம்பரை மட்டும் வை" எண்டிட்டார்.